மெமரி ஃபோம் டாப்பர் வாங்கப் போகிறீர்களா? என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. ஒருக்களித்தே படுத்துப் பழகியவர், எங்கள் வீட்டுத் தேங்காய் நார் மெத்தையோ பலகைக்கு அடுத்தபடி. புது மெத்தை வாங்க அப்போது வசதிப்படாததால் மேலே போட ஒரு மெமரி ஃபோம் டாப்பர் வாங்கினேன். முதலில் வந்தது மோசமான சரக்கு, திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவதாக வாங்கியது இன்றும் நன்றாக இருக்கிறது. அதன்பிறகு சித்தி, அத்தை, அலுவலகத்து நண்பர்கள் என்று யார் மெத்தை பற்றிப் பேசினாலும் அழைப்பு எனக்குத்தான் வருகிறது. ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாயிற்று என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

டாப்பர்னா என்ன? மெத்தை மேல இன்னொரு மெத்தையா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் மெத்தையின் மேல் விரிக்கும், ஒன்று முதல் நான்கு அங்குலம் வரை தடிமன் உள்ள ஒரு அடுக்கு. கடைகளில் புரொடெக்டர் என்று ஒன்று விற்பார்கள், அது தண்ணீர், வியர்வை இறங்காமல் காக்கும் மெல்லிய உறை மட்டுமே. படுக்கையின் மென்மையை அது மாற்றாது, டாப்பர் மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டு புரொடெக்டரை வாங்கிவிட்டு "வலி குறையவே இல்லையே" என்றவர்கள் இருக்கிறார்கள்.

மெமரி ஃபோம்ல "மெமரி" எங்க இருக்கு? சாதா ஸ்பாஞ்சுதானே அதுவும்?

அடிப்படையில் அதுவும் பாலியூரிதீன் ஃபோம்தான். ஆனால் நடந்துகொள்ளும் விதம் வேறு. சாதாரண ஸ்பாஞ்சை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் சட்டென்று எழும்பிவிடும். மெமரி ஃபோமில் உள்ளங்கையை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஐந்து விரலும் ரேகை போட்டதுபோல் பதிந்து நின்று பிறகு மெதுவாக மேலே வரும். உடல் சூடும் எடையும் படப்பட இளகி, தோள், இடுப்பு எலும்பு போன்ற துருத்திய இடங்கள் உள்ளே இறங்க வழிவிடும். அம்மாவுக்கு உதவியது அதுதான்.

1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக விமான இருக்கைகளில் வைக்கச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள் இது. படுக்கையாக விற்பனைக்கு வந்தது 1991 வாக்கில், சுவீடனில்.

என் மெத்தை நடுவுல பள்ளம் விழுந்திருச்சு. மேல டாப்பர் போட்டா சரியாயிருமா?

ஆகாது. என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டாப்பருக்குச் சொந்தமாக விறைப்புக் கிடையாது. கீழே என்ன வடிவம் இருக்கிறதோ அப்படியே வளையும். மெத்தையில் பள்ளம் இருந்தால் டாப்பரும் பள்ளத்துக்குள் போய் உட்காரும், நீங்களும் அதற்குள்தான் படுத்திருப்பீர்கள். முதல் நாள் மேலாப்பில் மெத்தென்று இருப்பதால் சரியானது போலத் தோன்றும், அந்தச் சுகம் ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இருபக்கமும் இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் மெத்தைக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் டாப்பருக்குப் பணம் போடாதீர்கள். அதற்கு முன் கட்டிலையும் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மெத்தை நன்றாகவே இருந்தது, கீழே ஒரு சட்டம் விரிசல் விட்டு இறங்கியிருந்தது. ஆசாரியை அழைத்துச் சட்டத்தை மாற்றினார்கள், பள்ளமும் போயிற்று.

டாப்பருக்கு ஏற்ற இடம் என்றால், சமமாக, உறுதியாக, ஆனால் உடம்புக்குக் கெட்டியாக இருக்கும் மெத்தை. நம் ஊர்த் தேங்காய் நார் மெத்தைகள் பெரும்பாலும் இந்த வகை.

ஒரு இன்ச்சா, ரெண்டா, மூணா? எது வாங்க?

எப்படிப் படுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மல்லாந்து படுப்பவருக்கு இரண்டு அங்குலம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் இறங்க இடம் வேண்டும் என்பதால் இரண்டரை, மூன்று. குப்புறப் படுப்பவர் தடிமனான மென்மையான டாப்பரை வாங்கினால் வயிறு அமிழ்ந்து முதுகு உள்வளைந்துவிடும், அவருக்கு ஒன்று அல்லது ஒன்றரைக்கு மேல் வேண்டாம். ஒல்லியானவர் ஃபோமை அவ்வளவாக அழுத்தமாட்டார், அதனால் மெல்லியதே போதும். எண்பது தொண்ணூறு கிலோ இருப்பவர் இரண்டு அங்குலத்தைத் தாண்டி அடி மெத்தையையே தொட்டுவிடுவார்.

நான்கு அங்குலம் எனக்குப் பிடிக்கவில்லை. புரண்டு படுக்கவே முயற்சி தேவைப்படும், வயதானவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், சூடும் கூடும். இன்னொன்று, ஆறு அங்குல மெத்தைமேல் மூன்று அங்குலம் ஏறினால் மொத்தம் ஒன்பது, பழைய எலாஸ்டிக் விரிப்பு மூலைகளில் பிடிக்காமல் இரவெல்லாம் நழுவும். விரிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடர்த்தி 40, 50, 60ன்னு போடுறாங்களே, அதை எப்படி நம்புறது?

அந்த எண் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதைச் சொல்கிறது. கூடுதல் என்றால் பொருள் அதிகம், பொதுவாக உழைப்பும் அதிகம். ஆனால் அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. 60 அடர்த்தியில் மென்மையான ஃபோமும் உண்டு, 30-ல் கெட்டியானதும் உண்டு. தினமும் படுக்க 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, விருந்தாளி அறைக்கு 40 போதும்.

நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்குங்கள். டாப்பரின் எடையைக் கிலோவில் எடுத்து 61,000-ஆல் பெருக்கி, முதலில் வந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் அடர்த்தி. எனக்கு முதலில் வந்த டாப்பர் 72-க்கு 36, இரண்டு அங்குலம், 40 அடர்த்தி என்று அச்சடித்திருந்தார்கள். உடல் எடை பார்க்கும் மெஷினில் அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழித்தேன். உறையோடு சேர்த்து இரண்டரைக் கிலோ. 72, 36, 2-ஐப் பெருக்கினால் 5,184, கணக்கு 29-ல் வந்து நின்றது. 40 என்றால் ஃபோம் மட்டுமே கிட்டத்தட்ட 3.4 கிலோ இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கையும் மெஷினின் படத்தையும் அனுப்பியதும் விற்றவர் மறுபேச்சுப் பேசாமல் பணத்தைத் திருப்பித் தந்தார்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் வாங்கும் முன்பும் உதவும். 78-க்கு 72, இரண்டு அங்குல டாப்பர் 50 அடர்த்தி என்றால் சுமார் ஒன்பது கிலோவுக்குக் குறையாது. பொருளின் எடையைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். இரண்டு டாப்பர்களின் விலையை ஒப்பிடும்போதும் விலையை எடையால் வகுத்து, கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். தள்ளுபடி, பழைய விலை என்று அவர்கள் போடும் எண்கள் எல்லாம் அப்புறம்தான்.

ஆன்லைன்ல "மெமரி டாப்பர், 900 ஜிஎஸ்எம்"னு ரொம்பக் கம்மி விலைக்கு இருக்கே, வாங்கலாமா?

ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தாலே அது பெரும்பாலும் ஃபோம் இல்லை, மைக்ரோஃபைபர் பஞ்சு அடைத்துத் தைத்த ரஜாய் மாதிரியான ஒன்று. ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு, துணிக்கும் பஞ்சுக்கும் சொல்வது. "மெமரி ஃபைபர்" என்ற பெயரும் அப்படித்தான், ஃபைபர் என்ற சொல்லைக் கண்கள் தாண்டிவிடும்.

அது கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. துவைக்கலாம், சூடாகாது, மெத்தென்றும் இருக்கும். ஆனால் தோள், இடுப்பில் விழும் அழுத்தத்தை மெமரி ஃபோம் போல வாங்கிக்கொள்ளாது, சில மாதங்களில் படுத்த இடம் தட்டையாகிவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கு இது ஒத்து வருமா? சூடாகும்னு சொல்றாங்களே?

உண்மைதான். உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் காற்றோட்டம் குறைகிறது, உடல் சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். ஏசி அறையில் இது பெரிய விஷயமே இல்லை. மின்விசிறி மட்டும் உள்ள அறையில், அதுவும் மே மாதச் சென்னையிலோ வேலூரிலோ, முதுகு நனைந்து எழுந்திருக்க வேண்டிவரலாம். ஏசி இல்லாத வீட்டுக்கு மூன்று அங்குல மெமரி ஃபோமை நான் சொல்லமாட்டேன். ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம், அதற்கு மேல் பருத்தி உறை, பருத்தி விரிப்பு. பாலியஸ்டர் விரிப்பும் பிளாஸ்டிக் பூசிய புரொடெக்டரும் சேர்ந்தால் ஃபோமே தேவையில்லை, அவையே வேகவைத்துவிடும்.

எங்கள் வீட்டில் கோடையில் டாப்பரைச் சுருட்டி வைத்துவிட்டு அம்மா கோரைப்பாயை மெத்தைமேல் விரித்துக்கொள்வார். டாப்பரின் மேலேயே பாயை விரிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விரிக்கலாம், சில்லென்று இருக்கும், ஆனால் பாய் நடுவில் வந்துவிட்டால் ஃபோமுக்கு உங்கள் உடம்பின் வடிவம் போய்ச் சேராது.

அப்போ ஜெல் போட்டது வாங்கினா சில்லுனு இருக்குமா?

படுத்தவுடன் இருக்கும். ஜெல் முதலில் சூட்டை வாங்கிக்கொள்ளும், உடம்பின் அளவுக்கு அதுவும் சூடேறியபிறகு வித்தியாசம் குறைந்துவிடும். நீல நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். துளைகள் போட்ட ஃபோம், உள்ளே குமிழிகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் ஃபோம் (ஓப்பன் செல்) இவற்றில் காற்று கொஞ்சம் நடமாடும், என் அனுபவத்தில் ஜெல்லைவிட அவைதான் உதவுகின்றன. அதைவிடவும் முந்தைய பதிலில் சொன்ன பருத்தி உறையும் குறைந்த தடிமனும்.

நாங்க ஊட்டியில இருக்கோம். ராத்திரி படுக்கும்போது பலகை மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, அது இந்த ஃபோமின் குணம். சூட்டில் இளகும், குளிரில் இறுகும். படுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடல் சூடு ஏறியதும் இளகிவிடும். சமவெளியிலும் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு "கடையில் மெத்தென்று இருந்தது, வீட்டில் கெட்டியாக இருக்கிறது" என்பவர்களுக்கு நடப்பது இதுதான். கடையில் சோதிக்கும்போது கையால் அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல், செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் வழக்கமாகப் படுக்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார்.

இடுப்பு வலிக்குக் கட்டாந்தரையில படுன்னுதானே பெரியவங்க சொல்வாங்க? மெத்துனு போட்டா வலி கூடாதா?

இரண்டு ஓரமும் நல்லதில்லை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்ததில், நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. அது மெத்தையை வைத்துச் செய்த ஆய்வு, டாப்பரை வைத்து அல்ல. ஆனாலும் கெட்டியான மெத்தைமேல் இரண்டு அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட அந்த நடுத்தரத்துக்கு வரலாம். ஏற்கெனவே மெத்தை மென்மையாக இருக்கிறது என்றால் டாப்பர் அதை இன்னும் அமிழவைக்கும், வலி கூடலாம்.

காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், ராத்திரி தூக்கத்தையே கெடுக்கும் வலி இருந்தால் டாப்பர் தேடும் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிரிச்சதும் ஒரே கெமிக்கல் நாத்தம். உடம்புக்கு ஆகுமா?

காற்றைப் பிடுங்கிச் சுருட்டி அனுப்புவதால் உள்ளே அடைபட்ட வாசனை அது. உறையைக் கழற்றி, ஜன்னல் திறந்த அறையில் மின்விசிறியைப் போட்டு இரண்டு மூன்று நாள் விரித்துவையுங்கள். முழுத் தடிமனுக்கு எழும்பவும் ஒன்றிரண்டு நாள் தேவை, அதனால் வந்த அன்றைக்கே அளவெடுத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களில் வேறு அறையில் படுப்பது நல்லது. ஒரு வாரம் தாண்டியும் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செர்ட்டிபூர் அல்லது ஓகோ-டெக்ஸ் சான்று உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள், ஃபோமிலிருந்து வெளியேறும் வேதிப்பொருள்களையோ தீங்கான பொருள்களையோ சோதித்துத் தரும் சான்றுகள் அவை.

வெயில்ல காயப்போடலாமா? துவைக்கலாமா?

இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் போட்டுக் குச்சியால் நாலு அடி அடித்து எடுத்தே பழகிய நமக்கு இது கஷ்டம்தான். ஆனால் மெமரி ஃபோமை நேர் வெயிலில் போடக் கூடாது. மஞ்சளாகி, நாளடைவில் மேல்பகுதி பொடிப்பொடியாக உதிரும். நிழலில் காற்றாட வைத்தால் போதும், மாதத்துக்கு ஒருமுறை.

துவைக்கவே கூடாது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு உலராது, பிழிந்தால் கிழியும். ஜிப் வைத்த உறை இருக்கும் டாப்பராகப் பார்த்து வாங்குங்கள், உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம். காபி கொட்டிவிட்டால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே முழுதாகக் காயவிட்டபிறகே விரிப்பைப் போடுங்கள். உறையின் தையலோரங்களை அவ்வப்போது விரித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி வந்தால் முதலில் ஒளிவது அங்கேதான்.

ஆறு மாசக் குழந்தையும் எங்களோடதான் படுக்குது. பரவாயில்லையா?

வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை கெட்டியான, சமமான தளத்தில், மல்லாந்து படுக்க வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மெமரி ஃபோமில் குழந்தை குப்புறப் புரண்டால் முகம் அமிழ்ந்து மூச்சு முட்டலாம், அதிலிருந்து தானாக விடுபட அதற்கு முடியாமல் போகலாம். குழந்தைக்குத் தனியாகக் கெட்டியான சிறு மெத்தையை உங்கள் கட்டிலை ஒட்டிப் போடுங்கள்.

அவருக்குக் கெட்டியா வேணும், எனக்கு மெத்துனு வேணும். என்ன பண்றது?

பெரிய அளவு டாப்பர் ஒன்று வாங்குவதற்குப் பதில் 36 அங்குல அகலத்தில் ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் போடலாம். ஆனால் நடுவில் இரண்டு அங்குலப் படி நிற்கும். அது உறுத்தினால் இருவருக்கும் ஒரே தடிமனில், ஒரு பக்கம் மெமரி ஃபோம், இன்னொரு பக்கம் கெட்டியான எச்ஆர் ஃபோம் (அழுத்தினால் சட்டென்று எழும்பும் வகை) என்று இரண்டு தனித்தனி டாப்பர் வாங்கி ஒரே விரிப்பால் மூடிவிடுங்கள். ஃபோம் வெட்டித் தரும் உள்ளூர்க் கடைகளில் அளவு சொன்னால் செய்து தருவார்கள்.

லேடக்ஸ் நல்லதா, இதுவா? இலவம்பஞ்சு மெத்தையே போதாதா?

லேடக்ஸ் ரப்பர் பாலிலிருந்து வருவது, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் இருப்பதால் நமக்கு அந்நியமில்லை. அழுத்தினால் உடனே எதிர்த்துத் தள்ளும், காற்றோட்டம் அதிகம், சூடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். விலையும் எடையும் கூடுதல். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. ஏசி இல்லாத வீடு, பணம் கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் லேடக்ஸையே சொல்வேன். தோள், இடுப்பு எலும்பில் குத்துகிறது என்பதுதான் பிரச்சினை என்றால் மெமரி ஃபோம்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் விளையும் இலவம்பஞ்சில் தைத்த மெத்தைக்கு நம் வெயிலில் ஈடு கிடையாது. கட்டி தட்டினால் பிரித்து அடித்து மறுபடி தைக்கலாம், எந்த ஃபோமிலும் அது முடியாது. நல்ல இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்து, படுத்தால் வலியும் இல்லை என்றால் எதற்கு டாப்பர்?

டாப்பரை மட்டும் தரையில விரிச்சுப் படுக்கலாமா?

ஒருநாள் இரண்டுநாள் விருந்தாளிக்குச் சரி. தினமும் என்றால் வேண்டாம். இரண்டு அங்குலம் மெமரி ஃபோம் தாங்கும் அடுக்கு அல்ல, இடுப்பு தரையைத் தொட்டுவிடும். வியர்வை ஈரம் கீழே இறங்கி டைல்ஸில் முட்டி நிற்கும், மழைக்காலத்தில் பத்து நாள் எடுக்காமல் விட்டால் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் கீழே ஒரு பாய் விரித்து, காலையில் எழுந்ததும் நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

கொசுவர்த்திச் சுருளைப் பக்கத்தில் கொளுத்தி வைக்காதீர்கள். பாலியூரிதீன் வேகமாகப் பற்றும், எரிந்தால் வரும் புகை நஞ்சு. கட்டிலில் படுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தாத்தா படுத்த படுக்கையா இருக்கார். படுக்கைப்புண் வராம இருக்க இதைப் போடலாமா?

மேலே அழுத்தம் குறையும் என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பி இங்கே ஏமாந்துவிடக் கூடாது. தானாகப் புரள முடியாதவருக்கு டாப்பர் மட்டும் காப்பு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, தோலை ஈரமில்லாமல் வைப்பது, குதிகாலையும் வால் எலும்பையும் தினமும் பார்ப்பது, இவைதான் முதலில். மருத்துவமனைகளில் பயன்படுத்தும், அறை அறையாகக் காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட்டைப் பற்றி மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள், மருத்துவச் சாதனக் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கும். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் அன்றே காட்டுங்கள்.

எத்தனை வருஷம் வரும்? பழசை என்ன செய்ய?

அடர்த்தியும் படுப்பவரின் எடையும்தான் தீர்மானிக்கும். 50 அடர்த்தி என்றால் மூன்று நான்கு வருடம் எதிர்பார்க்கலாம், 30-ஐ ஒட்டியது ஒரு வருடத்திலேயே அமுங்கிவிடும். முதலில் சொன்ன உள்ளங்கைச் சோதனையைப் படுக்கும் இடத்திலும் ஓரத்திலும் செய்து பாருங்கள், ஓரம் எழும்பி நடுப்பகுதி மட்டும் எழும்பாமல் கிடந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதுவரை தலைமாட்டையும் கால்மாட்டையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள்.

பழையதை எரிக்காதீர்கள், காரணம் மேலே இருக்கிறது. நடுவில் அமுங்கிய பகுதியை விட்டுவிட்டு, ஓரங்களை நீளமான கத்தியால் வெட்டி எடுங்கள். பூஜை அறையில் உட்கார, சமையலறையில் நின்று வேலை செய்பவரின் காலடியில் போட, நாற்காலிக்குத் திண்டு வைக்க ஆகும். எங்கள் தெருவில் ஒருவர் நாய்க்குப் படுக்கை தைத்திருக்கிறார், உறைக்குப் பழைய ஜீன்ஸ் துணி.